நீரிழிவாளரும் குருதிச் சீனித் தாழ்வும்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம்மவர் நாவிற் பழகிய மூதுரை. நீரிழிவு நோயைப் பற்றிப் பேசுமிடத்து இம்மூதுரையை எடுத்தாளாதார் இலர். சீனி மிகுந்தாற் கண் கெடும், சிறுநீரகம் பழுதுறும், காலிற் பட்ட புண் ஆறாது என்பன இன்று பாடசாலைச் சிறுவரும் அறிந்த செய்திகள். ஆயின், அளவிற் குறைந்தவிடத்தும் அதே சீனி உயிருக்கு இடர் விளைக்கும் என்னும் மறுபாதி உண்மையை அறிந்தார் சிலரே. மிகுதியால் வருந் தீங்கு பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வளர்வது; குறைவால் வருந் தீங்கோ நிமிடக்கணக்கில் மூள்வது. முன்னையதற்கு வைத்தியரை நாடிச் செல்ல நாளுண்டு. பின்னையதற்கு அந்நேரம் அருகில் நிற்பவரே வைத்தியர். ஆதலின், இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் நோயுடையார்க்கேயன்றி நோயில்லாதார்க்கும் பயன்படுமாறு இப்பொருளை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

யாம் வைத்தியரல்லேம், ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்வு பெற்றோம். இந்நோயுடன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றோம். எவருக்கு எந்த மருந்து, எத்துணை அளவு என்பன அவரவர் வைத்தியர் வகுக்க வேண்டியவை. அவற்றுள் யாம் தலையிடோம். மருந்துண்போரும் அவர் சுற்றத்தாரும் அறிந்திருக்க வேண்டியவற்றை மாத்திரம் கூறுவோம்.

உடலின் காவல்

நாம் உண்ணும் சோறும் புட்டும் இடியப்பமும் பாணும் குடலிற் சீரணித்துக் குளுக்கோசு என்னும் எளிய வெல்லமாகிக் குருதியிற் கலக்கின்றன. இதனையே வழக்கிற் குருதிச் சீனி என்கின்றோம். நோயற்றவரின் குருதியில், உணவு உண்ணாத வேளையில், ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 70 முதல் 100 மில்லிகிராம் வரை இஃது இருக்கும். வளர்ந்த ஒருவரின் குருதி முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோசு எத்துணை எனக் கணக்கிட்டாற் சுமார் 5 கிராமே வரும். அஃதாவது, ஒரு தேக்கரண்டிச் சீனியளவு. இச்சிற்றளவே நம் அறிவையும் நடமாட்டத்தையும் தாங்கி நிற்பது என்பது வியப்புக்குரியது.

உடலுறுப்புக்களுள் இதனைப் பெரிதும் வேண்டி நிற்பது மூளை. உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கே உடைய மூளை, உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 பங்கைத் தானே கொள்கின்றது. நாளொன்றுக்கு அதற்கு வேண்டுவது 120 கிராம் அளவான குளுக்கோசு. ஈரலைப்போலத் திரட்டி வைக்கும் களஞ்சியம் மூளைக்கு இல்லை. அன்றாடங் காய்ச்சியின் வீட்டைப்போல, வரவு நின்ற மாத்திரத்தே அங்கு அடுப்பு அணையத் தொடங்கும்.

இவ்வரவு தடைப்படாதவாறு உடல் காவல் வைத்திருக்கின்றது. உணவுண்டபின் சீனி உயருங்கால் சதையியிலிருந்து இன்சுலின் சுரந்து அதனைத் தாழ்த்தும். உணவில்லாத வேளையிற் சீனி தாழுங்கால் இன்சுலின் சுரப்பு முதலிற் குறையும். 70 மில்லிகிராமை அணுகுகையில் குளூக்ககன், அதிரனலின் என்னும் ஓமோன்கள் எழுந்து, ஈரலிற் சேமித்த சீனியைக் குருதியில் விடுவிக்கும். ஆதலின், நோயற்ற ஒருவர் ஒருவேளை உணவை விடுத்தாலும் மயங்கி வீழ்வதில்லை.

ஊசி வழியாக இன்சுலின் ஏற்றுவார்க்கு இக்காவலின் முதற்கதவு திறந்தே கிடக்கின்றது. சீனி தாழ்ந்தது கண்டு சதையி தன் இன்சுலினை நிறுத்திக்கொள்ளும். தோலின்கீழ் ஏற்றிய இன்சுலினையோ எவராலும் திரும்ப அழைத்தல் இயலாது. உணவு வந்தாலும் வாராவிட்டாலும் அது தன் தொழிலைச் செய்தே தீரும். நெடுநாள் நோயுற்றார் பலருக்குக் குளூக்ககன் சுரப்பும் மந்தமடைந்துவிடுகின்றது.

வைத்திய உலகம் இத்தாழ்வை மூன்று படியாக வகுத்துள்ளது. 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குதல் முதற்படி, அஃது எச்சரிக்கை. 54க்குக் கீழ் இறங்குதல் இரண்டாம் படி. மூளையின் தொழில் குன்றுவதால் உடனே கவனிக்கற்பாலது. எண் எதுவாயினும், பிறர் உதவியின்றி மீளவியலாத நிலை மூன்றாம் படி. இங்கிலாந்து முதலிய நாடுகளில் வாழும் நம் பழைய மாணவர் தம் அளவு கருவியில் மில்லிமோல் கணக்கைக் காண்பர். அவர்க்கு இவ்வெண்கள் 3.9, 3.0 என அமையும்.

மருந்தோடு பிறந்த ஆபத்து

1921ஆம் ஆண்டிற் கனடா நாட்டு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலே, பேராசிரியர் மக்லவுட்டின் ஆய்வுகூடத்தில், பான்ரிங் என்னும் இளம் வைத்தியரும் பெஸ்ற் என்னும் மாணவரும் சதையியின் சாற்றைப் பிரித்தெடுக்க முயன்று வெற்றி கண்டனர். 1922 சனவரி 11ஆந் தேதி லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அச்சாறு முதன்முதலாக ஏற்றப்பட்டது. அது போதிய தூய்மையுடையதன்று. கொலிப் என்னும் இரசாயன அறிஞர் தூய்மை செய்து தந்ததை அம்மாதம் 23ஆந் தேதி ஏற்றியபோதே நற்பயன் விளைந்தது. சாவின் வாயிலிற் கிடந்த அச்சிறுவன் பின்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இவ்வரலாற்றைப் பலரும் அறிவர். கொலிப் வளர்த்த முயல்களின் வரலாற்றை அறிந்தார் குறைவு. சாற்றின் வலிமையைச் சோதிக்குமாறு அவர் முயல்களுக்கு அதனை ஏற்றிப் பார்த்தார். அளவு மிக்கவிடத்து முயல்கள் வலிப்புற்றுச் சாய்ந்தன. குளுக்கோசு ஏற்றிய சிறிது நேரத்தில் எழுந்து ஓடின. மருந்து கண்டறியப்பட்ட அதே மாரிகாலத்தில் அம்மருந்தின் ஆபத்தும் அவ்வாபத்திற்கு மாற்றும் அறியப்பட்டன. மாற்று அன்றும் சீனியே, இன்றும் சீனியே.

ஊசியாலன்றி மாத்திரையாலும் இத்தாழ்வு நேரும். 1942இல் பிரான்சு நாட்டு மொன்பெலியே நகரில் ஜான்போன் என்னும் வைத்தியர் நெருப்புக் காய்ச்சலுற்றார்க்கு ஒரு புதிய சல்பா மருந்தைக் கொடுத்தபோது, சிலர் சீனித் தாழ்வினால் மயங்கக் கண்டார். அந்நகரத்து லூபற்றியேர் என்பார் இதனை ஆராய்ந்து, அம்மருந்து சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரப்பிக்கின்றது எனத் தெளிந்தார். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் முதலிய மாத்திரைகள் அம்மரபில் வந்தவை. “ஊசி இல்லை, வெறும் குளிசைதானே” என்று இவற்றை எளிதாக எண்ணுதல் கூடாது. முதுமையிற் சிறுநீரகம் தளருங்கால் கிளிபென்கிளமைட் போன்ற மருந்து உடலை விட்டு எளிதில் நீங்காது. ஒருமுறை தெளிந்தவர் சில மணி நேரத்தின் பின் மீண்டும் மயங்குவதுமுண்டு. மெற்போமின் மாத்திரையைத் தனியே உண்பார்க்கு இவ்வபாயம் அரிது. ஆகவே, தாம் உண்ணும் குளிசையின் பெயரையும் அஃது எவ்வகையைச் சேர்ந்தது என்பதையும் ஒவ்வொருவரும் கேட்டறிந்து கொள்ளல் வேண்டும்.

அறிகுறிகளும் அனுபவமும்

தாழ்வின் அறிகுறிகள் இரு கூறுபடும். கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, கடும்பசி என்பன முதலில் வருவன. இவை உடல் அடிக்கும் அபாயமணி. பார்வை மங்கல், பேச்சுக் குழறல், தடுமாற்றம், காரணமற்ற சினம் அல்லது அழுகை, பின்னர் வலிப்பு, உணர்விழத்தல் என்பன மூளைக்கு உணவின்மையால் வருவன. முதற்கூற்றுக் குறிகள் தோன்றும்போது நோயாளர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளலாம். இரண்டாங் கூறு தொடங்கியபின், தமக்கு நேர்ந்தது இன்னதென அறியும் கருவியே பழுதுபட்டுவிடுகின்றது. ஏனைய நோய்கள் பலவற்றில் வருந்துபவர் தம் வருத்தத்தை எடுத்துரைப்பர். இதிலோ “எனக்கு ஒன்றுமில்லை” என்பதே நோயின் பேச்சாகி விடும். மது அருந்தியவர் என எண்ணி இத்தகையோரை ஏளனஞ் செய்து கடந்து செல்வாருமுளர்.

எமக்கு நேர்ந்தது ஒன்றைக் கூறுதல் ஈண்டுப் பொருந்தும். நண்பகலில் முடியுமென அறிவிக்கப்பட்ட கூட்டமொன்று இரண்டு மணியைக் கடந்தும் நீண்டது. காலையில் ஏற்றிய இன்சுலின் உச்ச நிலையில் இருந்த வேளை அது. சட்டை வியர்வையால் நனைந்தது. கூட்டக் குறிப்பில் ஒரே வரியை மும்முறை எழுதியிருந்தமையைப் பின்னரே கண்டோம். அருகிலிருந்தவர் “ஐயா, சுகமில்லையோ?” என்று வினவ, யாம் வெகுண்டு பேசினோமாம்; அஃது எம் நினைவில் இல்லை. அன்பர் ஒருவர் விரைந்து தேநீர் கொணர்வித்தார். அதிற் சீனி இல்லை. “ஐயாவுக்குச் சீனி வருத்தம், சீனி போடாதேயுங்கோ” என்று அவரே சொல்லியனுப்பினாராம். அவ்விடத்துச் சிற்றூழியர் ஒருவர் எம் முகத்தைப் பார்த்தார். அக்கோப்பையை வாங்கி, நான்கு கரண்டி சீனியிட்டுக் கலக்கி, “ஐயா, இதைக் குடியுங்கோ, பேந்து கதைப்பம்” என்று வற்புறுத்திக் குடிப்பித்தார். கால் மணி நேரத்தில் எமக்குத் தெளிவு பிறந்தது. அவருடைய தாயார் நெடுங்காலம் இந்நோயுற்றிருந்தவர் என்பதைப் பின்பு அறிந்தோம்.

சீனியை விலக்கச் சொன்ன அன்பரிடம் அன்புக்குக் குறைவில்லை. “நீரிழிவு என்றாற் சீனி ஆகாது” என்று நாம் அனைவரும் கற்ற பாடமே அவர் கையைத் தடுத்தது. தாழ்வு நேர்ந்த பொழுதிற் சீனியே மருந்து என்னும் பாடத்தையும் அதனோடு சேர்த்துக் கற்பிக்காதவரை, இத்தகைய அன்பே உயிருக்கு உலையாகும்.

உடனே செய்ய வேண்டுவன

நோயாளர் விழித்திருந்து விழுங்க வல்லவராயின், விரைந்து கலக்கும் இனிப்பு 15 கிராம் கொடுத்தல் வேண்டும். மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுக்கலாம். குளுக்கோசு மாவையும் அவ்வாறே கொடுக்கலாம். சீனி சேர்ந்த பழச்சாறு ஒரு சிறு குவளையும் ஏற்றதே. சொக்கிலேற்று, பலகாரம் என்பன கொழுப்புடைமையால் மெல்லவே சீரணிக்கும், அவசரத்திற்கு ஆகா. அக்கார்போசு என்னும் மாத்திரை உண்பார்க்குச் சாதாரணச் சீனி விரைந்து பயன்தராது. அவர்க்குக் குளுக்கோசே வேண்டும். 15 நிமிடம் பொறுத்துக் குருதியைச் சோதித்து, 70க்குக் கீழேயே நிற்குமாயின் மீண்டும் அதே அளவு கொடுக்கலாம். தெளிந்தபின், அடுத்த உணவுவேளை தூரமாயின், பாணோ பிசுக்கோத்தோ சிறிதளவு உண்ணல் நன்று. அளவு கருவி கையில் இல்லையெனின் அதனைத் தேடிக் காலங் கடத்தாது சீனியைக் கொடுத்தலே முறை. தாழ்வு இல்லாத ஒருவருக்கு ஒருமுறை கொடுத்த சீனியால் வருந் தீங்கு சிறிது. தாழ்வுற்றவருக்குக் கொடாமையால் வருந் தீங்கு பெரிது.

உணர்விழந்தவருக்கு வாயில் எதனையும் ஊட்டலாகாது. நீரும் உணவும் மூச்சுக்குழலிற் சென்று உயிரைப் போக்கும். அவரை ஒருக்களித்துக் கிடத்தி, இலங்கையிலாயின் 1990 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசி வழி அறிவித்துச் சுவசெரிய வண்டியை அழைத்தல் வேண்டும். குளூக்ககன் ஊசி வீட்டில் இருந்து, அதனை ஏற்றப் பழகியவரும் இருப்பின் ஏற்றலாம். வைத்தியசாலையில் நாளத்தின் வழியாகக் குளுக்கோசு ஏற்றுவர். ஒருபோதும் இன்சுலின் ஏற்றலாகாது. மாத்திரையால் மயங்கியவர், தெளிந்தாலும், வைத்தியசாலைக்குச் சென்றே ஆகவேண்டும்.

விரதமும் உழைப்பும்

நம்மவர் வாழ்க்கையில் இத்தாழ்வு நேரும் இடங்கள் சில உள. கந்தசட்டியின் ஆறு நாளும் உபவாசமிருத்தல், சிவராத்திரியில் உண்ணாது கண்விழித்தல் ஆகியன நெடுங்கால வழக்கம். மருந்தை வழக்கம்போல் எடுத்து உணவை விடுத்தாற் சீனி தாழும். அதற்கஞ்சி மருந்தையும் தாமே விட்டுவிடுவாருமுளர். முதல்வகை நீரிழிவினர் இன்சுலினை அறவே நிறுத்துவராயின் குருதியில் அமிலம் மிகுந்து உயிராபத்து நேரும். ஆகவே, விரதமிருக்க விரும்புவோர் சில வாரம் முன்னரே வைத்தியரைக் கண்டு, இருக்கலாமா, எவ்வாறு இருக்கலாம் எனக் கேட்டல் வேண்டும். பாலும் பழமும் உட்கொண்டு நோற்கும் மரபும் நம்மிடையே உண்டு. இடையிற் சீனி தாழ்ந்தால் விரதத்தை முடித்துக்கொள்வதே கடமை.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வார்க்கும், தோட்டங் கொத்துவார்க்கும், விளையாட்டில் ஈடுபடுவார்க்கும் தசைகள் குளுக்கோசை மிகுதியாக எடுத்துக்கொள்ளும். அவ்விளைவு அன்றிரவு வரையும் நீடிக்கலாம். மது ஈரலின் தொழிலைத் தடுத்துச் சீனி புதிதாக உண்டாவதைக் குறைக்கும்; மதுவின் மணம் வீசுவதால் தாழ்வும் வெறியென்று கருதப்படும். நித்திரையில் அபாயமணியின் ஓசை குன்றும். வியர்வையால் நனைந்த படுக்கை, கெட்ட கனவு, விடியற்காலைத் தலையிடி என்பன இரவில் நேர்ந்த தாழ்வைக் காட்டுங் குறிகளாகலாம். வாகனம் செலுத்துவோர் புறப்படுமுன் சோதித்தலும், தாழ்வுற்றால் ஓரமாக நிறுத்திச் சீனி உண்டு, அளவு சீர்ப்பட்டபின் முக்கால் மணி நேரமாவது பொறுத்தலும் வேண்டும்.

இறுக்கமும் தளர்வும்

சீனியை எத்துணைத் தாழ்த்தினாலும் நன்றே என எண்ணுவார் உளர். 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல்வகை நீரிழிவினர் 1,441 பேரிடையே நிகழ்ந்த பேராய்வு, சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினாற் கண், சிறுநீரகம், நரம்பு என்பவற்றின் கேடு பெரிதும் குறையும் என நிறுவியது. அவ்வாய்விலேயே, இறுக்கமாகக் கட்டுப்படுத்தியோர்க்குக் கடுந்தாழ்வு ஏறக்குறைய மும்மடங்கு மிகுந்தமையும் காணப்பட்டது. எனவே, இளைஞர்க்கு ஏற்ற இலக்கு தனித்து வாழும் முதியவர்க்கு ஏற்றதன்று. முதுமையில் வைத்தியர் இலக்கைச் சற்றே தளர்த்துவராயின், அது கவனக்குறைவு என எண்ணி வருந்தவேண்டுவதில்லை.

தாழ்வு அடிக்கடி நேருமாயின் இன்னுமொரு தீங்குண்டு. உடல் அதற்குப் பழகி, நடுக்கத்தையும் வியர்வையையும் காட்டாது விட்டுவிடும். அந்நிலையில் நோயாளர் எச்சரிக்கை ஏதுமின்றி மயங்குவர். ஆறுதல் தருவது யாதெனின், சில வாரங்கள் தாழ்வே நேராதவாறு காத்தால், இழந்த உணர்வு பலருக்கு ஓரளவேனும் மீள்கின்றது. தோலிற் பொருத்தி இடைவிடாது அளந்து, தாழுமுன் ஒலியெழுப்பும் கருவிகள் இன்று உள்ளன. அவற்றின் விலை எல்லார் கைக்கும் எட்டுவதன்று. சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சீனி வைத்திருத்தல் எல்லார்க்கும் எட்டுவது.

ஒருமுறை கடுந்தாழ்வை அனுபவித்தவர் உள்ளத்தில் அச்சம் குடிகொள்ளும். அவ்வச்சத்தால் வேண்டுமென்றே சீனியை உயர்த்தி வைப்பாரையும், பொது இடஞ்செல்ல நாணுவாரையும் யாம் அறிவோம். இவ்விரண்டும் நோயினும் கொடியன. அச்சத்திற்கு மருந்து அறிவு. நாணத்திற்கு மருந்து வெளிப்படை. மனைவி மக்களிடமும் உடனுழைப்பாரிடமும் “இன்ன குறி கண்டால் இன்னது செய்க” என முன்னரே சொல்லி வைத்தல் இழிவன்று. உணர்வு தெளிந்திருக்கும் போதே சொல்லி வைத்தாலன்றி, வேண்டிய வேளையிற் சொல்ல நாவிராது.

இறுதியாக, பழைய மாணவருள் இன்று அதிபராகவும் ஆசிரியராகவும் விளங்குவார்க்கு ஒரு விண்ணப்பம். முதல்வகை நீரிழிவு இளஞ்சிறாரையும் பற்றுவது. பாடவேளையில் ஒரு பிள்ளை வியர்த்து, எழுத்துத் தடுமாறி, கேட்ட கேள்விக்கு மாறாக விடை கூறுமாயின், பிரம்பை எடுக்குமுன் அப்பிள்ளையின் நோயை நினைத்துப் பார்க்க. வகுப்பிலும் பரீட்சை மண்டபத்திலும் இனிப்பை உடன்வைத்திருக்கவும் உண்ணவும் அதற்கு இடங்கொடுக்க. தாழ்வுற்ற பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதொழிக. நம் கல்லூரியின் ஆசிரியர் அறையிலும், விளையாட்டு மைதானத்து முதலுதவிப் பெட்டியிலும் ஒரு போத்தல் குளுக்கோசு என்றும் இருக்குமாறு செய்தல் இவ்விழாவாண்டிற் பழைய மாணவர் சங்கம் மேற்கொள்ளத்தக்க சிறுபணி. அதற்காகுஞ் செலவு மிகச் சொற்பம். அதனருகே, எவ்வேளை, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் நல்ல தமிழில் எழுதி ஒட்டிவைப்பின், ஒரு பிள்ளைக்கேனும் அது வேண்டிய வேளையில் உதவும்.